கடன் அட்டையும் காவலும்



பொருள் வாங்குவோர் பணப்பையைத் திறந்து தாள்களை எண்ணிக் கொடுத்த வழக்கம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு அப்பணப்பையின் வேலையைச் செய்கிறது. அதுவே கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை. 1950ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து உணவகங்களில் பயன்படுமாறு டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் வழங்கிய அட்டை, இன்றைய கடன் அட்டைகளுக்கு முன்னோடிகளுள் ஒன்று.

இவ்வட்டை பணமன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். “இவருக்காக இப்பொழுது நான் கொடுக்கிறேன், பின்னர் இவரிடம் பெற்றுக்கொள்கிறேன்” என்று வங்கி கடைக்காரருக்கு அளிக்கும் வாக்குறுதியே அது. ஆதலின் இதிலுள்ள இடரும் வேறானது. பணப்பையைப் பறிகொடுத்தவன் அதில் இருந்த பணத்தை மட்டும் இழக்கிறான். அட்டையின் இரகசியத்தைப் பறிகொடுத்தவனோ, இனிமேல் ஈட்டப்போகும் பணத்தையும் இழக்க நேரிடலாம். மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் தலையில், வாங்காத பொருளுக்கான கடன் வந்து விழுகிறது.

இத்தகைய பொருளுக்குக் காவல் இல்லாமல் இருக்குமா? மூன்று காவல்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அட்டையின் எண். அதன் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் பொறியாளர் வகுத்த கணக்குமுறை இது. 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960இல் அதனைப் பெற்றார். வலப்புறத்திலிருந்து எண்ணி, இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். விடை இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் பத்தின் மடங்கு வரவேண்டும். 4531 என்னும் சிற்றெண்ணைப் பாருங்கள். 1, மூன்றை இரட்டித்த 6, 5, நான்கை இரட்டித்த 8. கூட்டுத்தொகை 20. எண் சரி. ஒருவர் கைதவறி 4351 என்று எழுதினால் கூட்டுத்தொகை 13 ஆகிவிடும். பிழை உடனே வெளிப்படும். முப்பதாண்டுக்கு மேல் கணக்குப் பாடம் கற்பித்தவன் என்ற முறையில் இம்முறையின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயினும் இது பிழையைப் பிடிக்கும் காவலன். கள்வனைப் பிடிக்கும் காவலன் அன்று. இதே கணக்கைத் தெரிந்தவன் சரியாகத் தோன்றும் எண்களைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது காவல், அட்டையின் முகத்தில் பொன்னிறமாகவோ வெள்ளி நிறமாகவோ தெரியும் சில்லு. பழைய அட்டைகளில் பின்புறக் காந்தப் பட்டை ஒன்றே இருந்தது. அதில் பதிந்த செய்தி என்றும் மாறாதது. எனவே ஒரு கருவியில் அதனை இழுத்துப் படியெடுத்தவன், அதேபோன்ற போலி அட்டையைச் செய்துகொண்டான். சில்லோ ஒவ்வொரு முறையும் புதியதொரு குறியீட்டை உண்டாக்குகிறது. நேற்றைய குறியீடு இன்று செல்லாது. இதனாலேயே நம் நாட்டு வங்கிகள் 2018 டிசம்பர் 31க்குள் காந்தப் பட்டை மட்டும் உள்ள அட்டைகளுக்கு மாற்றாகச் சில்லு அட்டைகளை வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது.

மூன்றாவது, இணையத்தில் வாங்கும்போது கேட்கப்படும் இரண்டாம் சோதனை. 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி இதனைக் கட்டாயமாக்கியது. நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவெண் இவ்வகையைச் சேர்ந்தது. அட்டை எண்ணை அறிந்திருந்தும் இக்கடவெண் இல்லாதவன் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பூட்டு இவ்வாறு வலுப்பட்டதும் கள்வன் என்ன செய்தான்? பூட்டை விட்டுவிட்டு, சாவியை வைத்திருப்பவரைத் தேடி வந்தான். இன்றைய மோசடியின் உட்பொருள் இதுவே. பெரும்பாலும் அவன் கதவை உடைப்பதில்லை. நம்மைக் கொண்டே திறக்கச் செய்கிறான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் பேத்தியின் திருமணத்திற்காக இணையக் கடையில் பட்டுச்சேலை வாங்குகிறார். மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. “வங்கியிலிருந்து பேசுகிறோம், அம்மா. தங்கள் அட்டையில் சேர்ந்துள்ள பரிசுப் புள்ளிகள் இன்றிரவோடு காலாவதியாகின்றன. அவற்றைப் பணமாக்கித் தருகிறோம்” என்று இனிய தமிழில் ஒருவர் பேசுகிறார். அவருடைய பெயரும் அட்டையின் முதற்சில இலக்கங்களும் அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றன. ஆகவே மூதாட்டி நம்பிவிடுகிறார். கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கங்களைப் படித்துச் சொல்கிறார். நாற்பதாயிரம் ரூபாய் போய்விடுகிறது. மகன் கடிந்துகொள்வானே என்று அஞ்சி எட்டு நாள் வரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் மேலும் இருமுறை பணம் எடுக்கப்படுகிறது.

இங்கே நிகழ்ந்த கேடுகள் இரண்டு. ஒன்று, இரகசியத்தைச் சொன்னது. மற்றொன்று, இழப்பைச் சொல்லாதது. முதற்கேட்டைவிட இரண்டாவது கொடியது என்பேன். ஏனெனில் முதலாவது ஏமாற்றத்தால் வந்தது. இரண்டாவதோ வெட்கத்தால் வளர்ந்தது.

முதற்கேட்டைத் தடுக்கும் முறைகளைக் காண்போம். கடவெண்ணையும், நான்கு இலக்க இரகசிய எண்ணையும், அட்டையில் அச்சிட்ட சி.வி.வி. எண்ணையும் எந்த வங்கி அலுவலரும் கேட்கமாட்டார். கேட்பவர் வங்கி அலுவலர் அல்லர். கடவெண் வரும் குறுஞ்செய்தியில் எவ்வளவு தொகை, எந்தக் கடைக்கு என்பதும் பெரும்பாலும் இருக்கும். எண்ணை மட்டும் பாராமல் செய்தி முழுவதையும் படியுங்கள். கைப்பேசியின் திரையைப் பிறர் காணச்செய்யும் செயலிகளை, முன்பின் அறியாதவர் சொல்லி ஒருபோதும் நிறுவாதீர்கள். கடையிலோ உணவகத்திலோ அட்டையைக் கண்ணுக்கு மறைவாக எடுத்துச்செல்ல விடாதீர்கள். இயந்திரத்தை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரகசிய எண்ணை அழுத்தும்போது மற்றொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொரு வசதி உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. இணைய வாணிகம், வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமற் செலுத்துதல் ஆகியவற்றை அட்டைதாரரே வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும், தொகைக்கு வரம்பு கட்டவும் வழிசெய்ய வேண்டுமென ரிசர்வ் வங்கி 2020இல் வங்கிகளுக்கு ஆணையிட்டது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இரண்டாம் சோதனை இன்றியே பணம் சென்றுவிடக்கூடும். ஆதலின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடி வைத்தல் நன்று. இரவில் வாயிற்கதவைத் தாழிடுவது போன்றது அது.

இனி, இழப்பு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டுவன. முதலில், வங்கியின் செயலி வாயிலாகவோ, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்தோ அட்டையை முடக்குக. இணையத்தில் தேடிக் கிடைக்கும் தொலைபேசி எண்ணை நம்பாதீர். அங்கும் கள்வன் காத்திருப்பான். இரண்டாவதாக, இணையவழிப் பண மோசடிகளுக்கென அமைந்த 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க. பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்குள் அதனைத் தடுத்து நிறுத்துவதே இதன் நோக்கம். இங்கு நாள் கணக்கு அன்று, நிமிடக் கணக்கே முக்கியம். மூன்றாவதாக, வங்கிக்கு எழுத்து மூலம் புகார் அளித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்க. முப்பது நாளுக்குள் தக்க விடை கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

விரைவுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதனைத் தெளிவாக்கியது. வங்கியிடமும் குற்றமில்லை, வாடிக்கையாளரிடமும் குற்றமில்லை, வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் பணம் போயிற்று என்றால், வங்கியின் செய்தி வந்த பின் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், ஐந்து லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிக அளவாகப் பத்தாயிரம் ரூபாய் வரையே பொறுப்பு. அதற்கும் பிந்தினால் அவ்வவ் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். வாடிக்கையாளரே இரகசியத்தைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவருடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என மெய்ப்பிக்கும் கடமையும் வங்கியின் மேலேயே வைக்கப்பட்டது.

நாம் கற்பனை செய்த மூதாட்டிக்கு இந்நெறியைப் பொருத்திப் பாருங்கள். முதல் நாற்பதாயிரம் அவர் தலையில் விழுந்திருக்கும். ஆனால் அன்றே சொல்லியிருந்தால், பின்னர் நேர்ந்த இரண்டு இழப்புகளும் அவரைச் சேர்ந்திரா. ஒரு தொலைபேசி அழைப்பின் விலை அவ்வளவு.

மாணவர்களே! உங்களிற் பலருக்குச் சொந்தமாகக் கடன் அட்டை இராது. எனினும் வீட்டில் கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்தவர் நீங்களாகவே இருப்பீர்கள். இன்று மாலையே பெற்றோருடனும் பாட்டன் பாட்டியருடனும் அமர்ந்து, அவர்தம் அட்டையில் எவை திறந்துள்ளன, எவை மூடியுள்ளன என்று பாருங்கள். வங்கியின் எண்ணையும் 1930ஐயும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டுங்கள். அவர்களுள் ஒருவர் ஏமாந்து வந்து நின்றால், “ஏன் சொன்னீர்கள்?” என்று கேளாதீர்கள்; “எப்பொழுது நடந்தது?” என்று கேளுங்கள். முதற்கேள்வி அவரை வாய் மூடச் செய்யும். இரண்டாவது கேள்வியோ மிஞ்சியுள்ள பணத்தைக் காக்கும்.