மலையேறும் கால்கள்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் கம்பம் நகரத்துக்குத் தூக்கம் கிடையாது. தேனியிலிருந்து உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். கூட்டம் மிகுந்துவிட்டால், போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். இந்த வண்டிகளுக்கு நடுவே, சாலை ஓரமாக, தலையில் இருமுடியோடு நடந்தே போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய முகத்தைப் பார்க்கிறவர்கள் அநேகம் பேர். காலைப் பார்க்கிறவர்கள் குறைவு. பெரும்பாலான கால்களில் செருப்பு இராது.

கம்பம் பள்ளத்தாக்கு கால்களை நம்பி வாழ்கிற சீமை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் நாற்று நடும் கால் முழங்கால் மட்டும் சேற்றில் நிற்கிறது. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் கால், மழைக்காலத்தில் அட்டைகளுக்கு இரையாகிறது. சித்திரைப் பௌர்ணமி வந்தால் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களுக்கு அனுமதி. கேரளத்துப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் லோயர் கேம்ப்புக்கு அருகே பளியன்குடியிலிருந்து காட்டுக்குள் சுமார் 6.6 கிலோமீட்டர் ஏறவேண்டும். காற்சிலம்பால் வந்த வழக்கில் மதுரையை எரித்துவிட்டுக் கால்நடையாகவே மலைநாட்டுக்கு வந்தவள் கண்ணகி. அவளைப் பார்க்கப் போகிறவர்கள் நடந்து போவது பொருத்தம்தான்!

ஆனால் வருஷம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால், ஒரே நாளில் கரடுமுரடான மலைப்பாதையில் ஏறி இறங்கினால் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது தெரிந்துவிடும்.

வெறுங்காலா, செருப்பா?

இது உலகம் முழுவதும் நடந்துவருகிற வழக்கு. 1960-ல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், எத்தியோப்பிய மெய்க்காவல் படையைச் சேர்ந்த அபேபே பிகிலா, 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடித் தங்கப் பதக்கம் வாங்கினார். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 15 நிமிஷம் 16 விநாடி. வெறுங்கால் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் அதே பிகிலா 1964-ல் டோக்கியோவில் காலணி மாட்டிக்கொண்டு ஓடினார். 2 மணி 12 நிமிஷம் 11 விநாடியில் முடித்து மறுபடியும் தங்கம் வாங்கினார். இரண்டு கட்சிக்கும் சாட்சி ஒருவரே!

பிரான்ஸ் நாட்டில் பாரிஸுக்கு அருகே டேவிட் பெல் முதலான இளைஞர்கள் வளர்த்த ‘பார்கூர்’ என்ற வித்தை இப்போது நம் நாட்டு நகரங்களுக்கும் வந்துவிட்டது. சுவருக்குச் சுவர் தாவுவதும், கைப்பிடிக் கம்பியின்மேல் நடப்பதுமான வித்தை அது. அந்தப் பிள்ளைகளுக்குள்ளும் இதே தர்க்கம்தான். தடித்த அடிப்பாகம் உள்ள ஜோடு அடியைத் தாங்கும் என்பார் ஒருவர். தடித்த அடிப்பாகம் தரையைக் காலிடமிருந்து மறைத்துவிடும் என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2010-ல் ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டானியல் லீபர்மன் குழுவினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலைத் தரையில் இடிக்காமல் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள் என்றும், அதனால் தரையிலிருந்து வரும் அதிர்ச்சி குறைகிறது என்றும் கண்டார்கள். ஆனால் இதில் ‘பழகியவர்கள்’ என்ற சொல்லைக் கோட்டைவிட்டுவிடக் கூடாது.

பாதம் 26 எலும்புகளைக் கொண்ட ஓர் அற்புதமான யந்திரம். செருப்பில்லாமல் நடக்க நடக்க அடித்தோல் தடிக்கிறது, சிறு தசைகள் வலுக்கின்றன, கல்லைக் கண்டால் விலகும் சாமர்த்தியம் வருகிறது. ஆனால் எல்லாம் மெள்ள மெள்ளத்தான் வரும். ஒரு மண்டலம், அதாவது 41 நாள் விரதம் என்று பெரியவர்கள் வைத்தார்களே, அதில் மாலை போட்ட அன்றே செருப்பைக் கழற்றிவிடும் வழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறொரு பயனும் தெரிகிறது. வீட்டு வாசல், தெரு, கோயில், சந்தை என்று தினந்தோறும் வெறுங்காலோடு நடந்த பாதம் 41 நாளில் ஓரளவு தயாராகிவிடும். இப்போது சிலர் ஒரு வாரத்துக்கு முன்னால் மாலை போட்டுக்கொண்டு, நேரே காரில் ஏறி, பம்பையில் இறங்கித்தான் முதல் தடவையாகக் காலைத் தரையில் வைக்கிறார்கள். பக்தியில் குறை சொல்வதற்கில்லை. பாவம், பாதத்துக்குத்தான் அவகாசம் கொடுக்கவில்லை.

வலி தெரியாத கால்

அவகாசம் கொடுத்தாலும் வெறுங்காலோடு போகவே கூடாத கால் ஒன்று உண்டு. அது வலி தெரியாத கால். நீரிழிவு நோய் வருஷக்கணக்கில் நீடித்தவர்களில் பலருக்குப் பாதத்தின் நரம்புகள் மெதுவாகச் செயலிழந்துவிடும். மரத்துப்போனது அவர்களுக்கே தெரியாது. வலி இல்லையென்றால் நோய் இல்லை என்றுதானே நினைப்போம்? வெயில் காய்ந்த தார்ச்சாலையில் சாதாரணக் கால் நாலு அடி வைப்பதற்குள் நிழலுக்கு ஓடிவிடும். மரத்த கால் மைல் கணக்காக நடந்து, இரவில் தங்குமிடத்தில் யாராவது சொல்லித்தான் கொப்புளத்தைப் பார்க்கும். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பு மட்டும் போய், விரலையோ காலையோ எடுக்கும்படி ஆவதும் உண்டு.

இந்த உண்மையை உலகத்துக்குத் தெளிவாக்கிய வேலை பெரும்பாலும் நம் தமிழ்நாட்டில் நடந்தது. டாக்டர் பால் பிராண்ட், ஆங்கிலேயப் பாதிரிமாரின் பிள்ளையாக 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் வைத்தியம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமாகவே அழுகி விழுந்துவிடுகின்றன என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நோய் செய்வது நரம்பை மரக்க வைப்பது ஒன்றுதான்; பிறகு வலி என்னும் காவல்காரன் இல்லாத வீட்டில் ஆணியும் நெருப்பும் ஓயாத அழுத்தமும் புகுந்து சேதத்தைச் செய்கின்றன என்று அவர் காட்டினார்.

ஒரு சமயம், வெளிநாட்டில் நெடுந்தூர ரயில் பிரயாணம் முடிந்து அறையில் காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் அந்த வியாதி வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடியும் குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்ததில் நரம்பு அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன டாக்டர் அவர்.

மரத்த பாதத்துக்கு எந்தச் செருப்பு என்று வேலூரிலும் அருகேயுள்ள கரிகிரியிலும் பலவிதப் பொருள்களை வைத்துச் சோதித்தார்கள். கடைசியில் நிலைத்தது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பது அதன் பெயர், சுருக்கமாக எம்.சி.ஆர். இன்று தமிழ்நாட்டுச் செருப்புக் கடைகளில் நீரிழிவுக்காரர்களுக்கென்று விற்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததே. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். மேலே மெத்தென்ற ரப்பர் இருந்தால் போதாது. அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான தட்டு வேண்டும். பின்னால் குதிகாலைப் பிடிக்கும் வார் வேண்டும், ஏனென்றால் மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. விரலிடுக்கில் நுழையும் வார் வேண்டாம். அது உராய்ந்து புண்ணாக்கும்.

கால் மரத்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அப்பாவைக் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மகனோ மகளோ ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியையும், இரண்டு காலிலும், பூவைத் தொடுவதுபோல ஓரிரு விநாடி தொடவேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொட்டது தெரிந்தவுடன் அவர் சொல்லவேண்டும். ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஆறும் தெரிந்தால்கூட வருஷத்துக்கு ஒரு தடவை பாதத்தைக் காட்டுவது நல்லது. விரத நியமம் தடுக்கிறதே என்று தயங்குகிறவர்கள் குருசாமியிடம் மனம்விட்டுப் பேசலாம். காலை இழந்து வா என்று எந்தக் குருசாமியும் சொல்லமாட்டார்.

கடையில் கவனிக்க வேண்டியது

மங்கலதேவிக்கோ மேகமலைக்கோ காலணியோடு ஏறுகிறவர்கள், விலையைவிடப் பொருத்தத்தைப் பார்க்கவேண்டும். கடைக்குக் காலையில் போகாதீர்கள்; சாயங்காலம் போங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அது அப்படித்தான் வீங்கும். இரண்டு காலும் ஒரே அளவாக இராது. பெரிய காலுக்குத் தகுந்த ஜோடியை வாங்கவேண்டும். எழுந்து நின்று பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். ஏறும்போது இதன் அருமை தெரியாது. இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடித்து இடித்து, நகம் கறுத்துப் போகும்போதுதான் தெரியும். குதிகால் மட்டும் பிசகாமல் பிடித்திருக்கவேண்டும்.

காலணியைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது. நடுவில் மடங்கினால் அது பாதத்தைத் தாங்காது. அடிப்பாகத்தில் ஆழமான பள்ளமேடுகள் இருந்தால் சரளைக்கும் புல்வெளிக்கும் உதவும். சுருளி அருவிப் பக்கத்துப் பாசி பிடித்த ஈரப்பாறை வேறு கதை. அங்கே எந்த ஜோடும் வழுக்கும், பாறையில் ஏறாமலிருப்பதே புத்தி. ரப்பர் ஹவாய்ச் செருப்பு வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் சரி. சரிவில் வார் பிடுங்கிக்கொண்டால் ஆளையே உருட்டிவிடும்.

புதுச் செருப்போடு மலைக்குக் கிளம்புவதைப்போல அசட்டுக் காரியம் வேறில்லை. இரண்டு மூன்று வாரமாவது ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும்; கம்பளி அல்லது செயற்கை நூல் காலுறை சீக்கிரம் உலரும். நகத்தைக் கிளம்புகிற அன்றைக்கு வெட்டாமல் நாலு நாள் முன்னால், ஓரத்தைக் குடையாமல் நேராக வெட்டிவிடுங்கள். பித்தவெடிப்பு உள்ளவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் குதிகாலைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவிவரலாம். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

கொப்புளமும் அட்டையும்

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் சூடாகக் காந்தும். அந்த நிமிஷமே உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் பாதி வினை தீர்ந்தது. கூட வருகிறவர்கள் போய்விடுவார்களே என்று நடந்தால், பிறகு அவர்கள்தாம் கைத்தாங்கலாக இறக்கவேண்டியிருக்கும். எழும்பிவிட்ட சிறு கொப்புளத்தை உடைக்காமல் மூடிவையுங்கள். பெரியதாகி வலி தாங்கமுடியாவிட்டால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம், மேல்தோலை உரிக்கக்கூடாது. நீரிழிவுக்காரர்களுக்கு இந்தக் கைவைத்தியம் கிடையாது, டாக்டரிடம்தான் போகவேண்டும்.

அட்டை கடித்தால் வலிக்காது; இரத்தம் உறையாமலிருக்க ஒரு திரவத்தையும் அது சேர்த்து விட்டுவிடுவதால், கழன்ற பிறகும் வெகு நேரம் கசியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்து குறைவு. பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். தோட்டத்து வழியில் உப்போ புகையிலையோ காட்டினாலும் சுருண்டு விழும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திக் கட்டினால் போதும்.

வயலில் நிற்பவர்களுக்கு வருவது சேற்றுப்புண். ஓயாத ஈரத்தில் விரலிடுக்குத் தோல் வெளுத்து, ஊறி, கிழிகிறது. அதில் பூஞ்சைக் கிருமி குடியேறுகிறது. கரையேறியவுடன் நல்ல தண்ணீரில் கழுவி ஒவ்வொரு இடுக்காகத் துணியால் துடைப்பதுதான் முதல் மருந்து. ஈரம் போகாமல் களிம்பு பூசிப் பிரயோசனமில்லை.

மலையிலிருந்து திரும்பியவர்கள் அசதியில் அப்படியே படுத்துவிடுகிறார்கள். படுக்குமுன் காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். ஒரு வாரத்துக்குத் தினமும் இப்படிச் செய்யவேண்டும். உள்ளே தங்கிய முள் முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் சிவந்து, நாலாம் நாள்தான் தலைகாட்டும்.