நீங்கள் வாங்கும் கொடுவா ஆணா, பெண்ணா?

ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது கண் தெளிவா இருக்கா, செவுள் சிவப்பா இருக்கா என்று பார்ப்பீர்கள். ஆணா பெண்ணா என்று கேட்டதுண்டா?

சியாகாப், சீபாஸ் என்றெல்லாம் நாம் சொல்லும் கொடுவா மீனுக்கு அந்தக் கேள்வி முக்கியம். பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆண். வளர்ந்து பெரிதான பிறகே பெண்!

இது எப்படி?

கொடுவா, எலும்பு மீன் வகை. விசிறிபோல் விரியும் துடுப்பை மெல்லிய கதிர்கள் தாங்கிப் பிடிக்கும். இத்தகைய மீன்களில் 30,000க்கும் அதிகமான இனங்கள் உண்டு. முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஏறக்குறைய பாதி இவைதான். சுறாவும் திருக்கையும் இதில் சேரா, அவற்றுக்குக் குருத்தெலும்பு.

இவற்றில் சில இனங்கள் வாழ்நாளின் நடுவில் பால் மாறுகின்றன. கொடுவாவுக்குச் சுமார் 6 முதல் 8 வயதில் விந்துச் சுரப்பி முட்டைப்பையாக மாறும்.

ஏன் மாறுகிறது?

எல்லாம் உடல் அளவுக் கணக்குதான். உடல் பெரிதானால் முட்டை அதிகம். பெரிய கொடுவா பல மில்லியன் முட்டைகள் இடும். விந்து தரச் சின்ன உடலே போதும்.

கலவா மீனுக்குக் கதை தலைகீழ். முதலில் பெண், பிறகு ஆண். அங்கே துணைக்காகப் போட்டி போடப் பெரிய உடல் வேண்டும்.

கோமாளி மீன் கூட்டத்தில் பெண் இறந்துவிட்டால், அதன் ஆண் துணை பெண்ணாகிவிடும்.

நமக்கென்ன?

பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் ஒரு பாலே குறைந்துபோகும். கொடுவா என்றால் முட்டையிடும் பெண்கள் போய்விடும். கலவா என்றால் ஆண்கள் அருகிவிடும். கடலில் மீன் நிறைய இருப்பதுபோலத் தெரியும். குஞ்சுகள் மட்டும் குறையும்.

பொதுவாக, சின்ன மீனை விட்டுவிடு என்பார்கள். இங்கே அது மட்டும் போதாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்து மாநிலம் இரண்டு பக்கமும் வரம்பு வைத்துள்ளது. சில நீர்த்தேக்கங்களைத் தவிர, 58 செண்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 செண்டிமீட்டரைத் தாண்டிய கொடுவாவையும் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கொடுவா பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. தட்டில் அடங்கும் அளவிலேயே விற்பனைக்கு வந்துவிடுவதால், அது பெரும்பாலும் பெண்ணாக மாறும் வயதை எட்டியிருக்காது. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன் என்றால் கடலில் இருக்கும் தாய் மீனுக்கும் பாதிப்பில்லை.

அடுத்த முறை பெரிய கலவாவோ கொடுவாவோ கண்ணில் பட்டால், "இது பண்ணை மீனா, கடல் மீனா?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.