வயல்ல சத்தம் கேட்குது, கண்ணுல படல... கானாங்கோழியை போட்டோ எடுப்பது எப்படி?

வேளாங்கண்ணி வருபவர்கள் மாதா கோயில், கடற்கரை எனப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்து வேதாரண்யம் போகும் பாதையில் வயல்களும் வாய்க்கால்களும் கோரை மண்டிய பள்ளங்களும் உண்டு. மழைக்காலத்தில் விடியற்காலை அங்கே வண்டியை நிறுத்தினால் 'க்வாக்... க்வாக்' எனக் கானாங்கோழி விடாமல் கத்தும். ஆளைத்தான் காணோம்!

கோடியக்கரை பூநாரைகள் திறந்த நீரில் கூட்டமாக நிற்கும். பெரிய லென்ஸ் இருந்தால் படம் ரெடி. கானாங்கோழி, குருகு, மயில் உள்ளான் கதையே வேற.

ஏன் சிக்குவதில்லை?

கானாங்கோழி ஒடுங்கிய உடம்புக்காரி. நெருக்கமான கோரைக்குள்ளும் சட்டென நுழைந்து ஓடிவிடும். மஞ்சள் குருகு ஓடவே ஓடாது. கழுத்தை நீட்டி, அலகை வானம் பார்க்க உயர்த்தி, புல்லோடு புல்லாக நின்றுவிடும். நேராகப் பார்த்தும் பலர் அதைக் கோரைத்தண்டு என்றே நினைத்துவிடுவார்கள்.

அப்போ எப்படி எடுப்பது?

துரத்தினால் கிடைக்காது. கார்தான் நல்ல மறைவிடம். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஜன்னலில் துணி மூட்டை வைத்து, அதன்மேல் கேமராவைச் சாய்த்துக் காத்திருக்கணும். சூரியன் உதித்த முதல் 2 மணி நேரம், கோரை முடிந்து தண்ணீர் தொடங்கும் ஓரத்தைக் கவனித்தால் போதும். இரை தேட அங்கேதான் வெளியே வரும். 400 முதல் 600 மி.மீ. லென்ஸ், 1/1000 நொடி ஷட்டர் வேகம் சரியாக இருக்கும். செல்போன் மட்டும்தான் இருக்கா? பைனாகுலரின் கண்பகுதியில் வைத்து முயற்சிக்கலாம்.

வயலுக்குள் இறங்குவதானால் விவசாயியிடம் கேட்டுவிட்டு, வரப்பில் மட்டும் நடக்கணும்.

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது சிலரின் குறுக்கு வழி. எதிரி தன் இடத்துக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது வெளியே ஓடிவரும். மயில் உள்ளானில் அடைகாப்பது ஆண். அதை எழுப்பிவிட்டால் முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் விளக்கத்திலேயே, பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. துப்பாக்கி தேவையில்லை, கேமராவோடு போய்க் கூட்டைக் கலைத்தாலும் சிக்கல்தான். கோடியக்கரை சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. லொக்கேஷன் ஆன் செய்திருந்தால், செல்போனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே அந்த இடம் பதிவாகிவிடும். டெல்டாவில் இறைச்சிக்காகக் கண்ணி வைத்து நீர்ப்பறவை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி ஏது? கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷனை அணைத்துவிட்டு, பகிரும்போது 'நாகை மாவட்டம்' என்று மட்டும் போடுங்கள்.