யார் நிரூபிக்க வேண்டும்?

காரும் சைக்கிளும் மோதிக்கொண்டால் காரில் இருப்பவர் பெரும்பாலும் காயமின்றி இறங்கிவிடுவார். சைக்கிளில் வந்தவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். என்ன நடந்தது என்று சொல்லும் நிலையில்கூட இருக்கமாட்டார். ஆனாலும் இழப்பீடு கேட்டுப் போனால், ‘தப்பு கார்க்காரருடையதுதான் என்று காட்டு’ என அவரிடமே கேட்கும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு.

நெதர்லாந்தில் அப்படியில்லை. அந்நாட்டின் 1994-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, நிரூபிக்கும் சுமையை மோட்டார் வாகனத்தின் பக்கம் வைத்திருக்கிறது. ஓடும் வண்டி சைக்கிளில் வருபவர் மீதோ நடந்து போகிறவர் மீதோ மோதினால் வண்டியின் உரிமையாளர் நஷ்ட ஈடு தர வேண்டும். விபத்து தன் தரப்பின் சக்திக்கு மீறியது என்று நிரூபித்தால் மட்டுமே அவருக்கு விலக்கு. ஓட்டுநரிடம் ஒரு குறையும் இல்லை என்று காட்டினால் போதாது. சைக்கிள்காரர் செய்த பிழை, நியாயமாக எந்த ஓட்டுநரும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை என்னும் அளவுக்கு அபூர்வமானது என்றும் காட்ட வேண்டும். மற்றவர்கள் தவறு செய்வார்கள் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்கிறது இந்தச் சட்டம்.

குழந்தைகள் விஷயத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னும் உறுதியாக நின்றது. அடிபட்டவருக்கு 14 வயது நிரம்பவில்லை என்றால் முழு இழப்பீடு. வேண்டுமென்றே வண்டியில் வந்து விழுந்தாலோ, கிட்டத்தட்ட அதற்கு இணையான அசட்டுத் துணிச்சலைக் காட்டினாலோதான் இதற்கு மாற்று. 1990, 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் இதை நிலைநிறுத்தின. 14 வயதைத் தாண்டியவர்களுக்கு, அவர்கள் பக்கம் பிழை இருந்தாலும், குறைந்தது பாதி இழப்பீடு உண்டு என்று 1992-ல் தீர்ப்பு வந்தது.

‘அப்படியென்றால் அங்கே கார்க்காரர்தான் எப்போதும் குற்றவாளியா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இது பணத்தை யார் தருவது என்பதைப் பற்றிய ஏற்பாடு. அந்தப் பணமும் பெரும்பாலும் கட்டாய இன்சூரன்ஸிலிருந்துதான் வருகிறது. அபராதம், சிறை போன்ற குற்றவியல் தண்டனைக்கு ஓட்டுநரின் தவறு தனியே நிரூபிக்கப்பட வேண்டும். நிறுத்தி வைத்த காரில் சைக்கிள் வந்து மோதினால் இந்தப் பிரிவு பொருந்தாது. சைக்கிள்காரரின் தவறால் காருக்குச் சேதம் ஏற்பட்டால் அவரிடமும் இழப்பீடு கேட்கலாம்.

நெதர்லாந்தின் சாலைகள் இந்தச் சட்டத்தால் மட்டுமே பாதுகாப்பாகிவிட்டன என்று சொல்வதும் சரியல்ல. இதே கொள்கை முந்தைய சட்டத்திலும் இருந்தது. அப்படியும் 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தனி சைக்கிள் பாதைகளும் வேகக் கட்டுப்பாடும் வந்த பிறகே நிலைமை மாறியது. சட்டம் விபத்தைத் தடுக்காமல் போகலாம். அடிபட்ட குடும்பம் நடுத்தெருவில் நிற்காமல் காப்பாற்ற அதனால் முடியும்.

இந்தியாவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, 164-ஆவது பிரிவின் கீழ் யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறலாம். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட வழக்கு அத்துடன் முடிந்துவிடும்.

மற்றது 166-ஆவது பிரிவு. இங்கே வருமானம், வயது, குடும்பத்தினர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மாதம் 15,000 ரூபாய் சுயதொழிலில் சம்பாதித்த 30 வயதுக்காரர் ஒருவர் சைக்கிளில் போகும்போது வண்டி மோதி, மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆகியோரை விட்டுவிட்டு இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, அந்த வயதுக்குரிய பெருக்கெண்ணான 17-ஆல் பெருக்கினால், வருமான இழப்புக்கு மட்டும் 32 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய் வருகிறது. 5 லட்சத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அந்தத் தூரத்தைக் கடக்க, ஓட்டுநரின் கவனக்குறைவைக் குடும்பம்தான் நிரூபிக்க வேண்டும். குற்றவழக்கைப் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது எது என்ற அளவில் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் சைக்கிள்காரர் மீதும் 30 சதவீதம் தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், மேலே சொன்ன கணக்கில் ஒன்பதரை லட்சத்துக்கும் மேல் கழிந்துவிடும். தன் தரப்பைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

தவறு செய்யாத பாதசாரி மீது வண்டி மோதினால், கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு பெறும் உரிமை வேண்டும் என்று குஜராத் அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-லேயே கருத்துச் சொன்னது. அதை 166-ஆவது பிரிவில் நாடாளுமன்றம் எழுதிச் சேர்க்க வேண்டும். சைக்கிளில் போகிறவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். ஒரேயடியாக முடியாது என்றால், பள்ளிக்குச் சைக்கிளில் போகும் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிலிருந்து தொடங்கலாம்.