மூட்டு நோவும் தேகப் பயிற்சியும்

முழங்காலில் நோவு கண்டவுடன் பயிற்சியை அறவே விடுதல் நன்றெனப் பலரும் கருதுவர். எம் பாட்டனார் அவ்வாறே பஸ்கியைக் கைவிட்டார். யாமும் அதனைத் தக்கதென்றே எண்ணினோம். ஈராண்டு கழியுமுன் அவர்தம் தொடைகள் மெலிந்தன. கோயிலில் முழங்காற்படியிட்டு எழுதற்குப் பிறர் கை வேண்டியதாயிற்று. நோவு மூட்டினது, மெலிவோ தசையினது.

மூட்டெலும்பின் முனையைப் போர்த்துள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் வழுவழுப்பான நீரே அதற்கு உணவு. அந்நீர் உட்புகுதற்கு அழுத்தமும் தளர்ச்சியும் மாறி மாறி வேண்டும். அசையாத மூட்டுப் பட்டினி கிடக்கும் என்க.

தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர், முழங்கால் ஊறுற்ற படைவீரர் பத்து முறையே தூக்கவல்ல பளுவை அளந்தறிந்து, வலிமை வளருந்தோறும் அதனை மிகுத்துப் பயிற்றிய முறையை 1945இல் வெளியிட்டார். முதுமையும் தடையன்று. 1990இல் வெளியான பாஸ்டன் நகர ஆய்வொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பதின்மர் பளுப் பயிற்சி தொடங்கினர். எட்டு வாரங்களை நிறைவு செய்த ஒன்பதின்மரின் கால் வலிமை சராசரி 174 விழுக்காடு மிகுந்தது!

ஆயின், மாற்றத்தக்கது யாது? ஆழக் குந்துதலை விடுத்து நாற்காலியில் அமர்ந்தெழலாம். அதுவும் நோமாயின், காலை நீட்டித் தொடைத் தசையை ஐந்து எண்ணுமளவும் இறுக்கித் தளர்த்தலாம். தோள் நோவுடையார் சுவரிற் கையூன்றித் தண்டால் எடுக்கலாம். பயிற்சியில் எழுந்த சிறு நோவு மறுநாட் காலையில் தணியின் அளவு சரி. மூட்டு வீங்கின் மிகை. வீங்கிச் சுடும் மூட்டை முதலில் வைத்தியர் காணவேண்டும்.

பாட்டனார் இப்பொழுது நாளும் பத்து முறை நாற்காலியினின்று எழுகின்றார். இடையிடையே கைப்பிடியைப் பற்றுவதை மட்டும் எமக்கு மறைக்கின்றார்.