வெட்டியதைத் திரும்ப வெட்டலாமா? கோ ஆட்டத்தின் முக்கிய விதி

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டிய ஆடு கட்டத்தை விட்டுப் போனால் போனதுதான். அதனால் வெட்டுக்கு ஓர் எல்லை உண்டு. போடிநாயக்கனூரிலும் போடிமெட்டுக்கு ஏறும் ஏலத்தோட்டச் சரிவுகளிலும் இதை ஆடிப் பழகியவருக்குச் சீனத்தில் பிறந்த கோ ஆட்டம் புதிராகத் தோன்றும். அங்கே வெட்டு முடியாமலே போகலாம்.

கோ பலகையில் 19-க்கு 19 கோடுகள், 361 சந்திகள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிச் சந்திகளில் காய் வைக்கும். வைத்த காய் நகராது. ஒரு காயை ஒட்டி, கோட்டின் வழியே உள்ள காலிச் சந்திகள் எல்லாவற்றையும் எதிரி அடைத்துவிட்டால் அது வெட்டுப்படும்.

இப்போது கறுப்பு ஒரு வெள்ளைக் காயை வெட்டுகிறது. வெட்டிய கறுப்புக் காய்க்கும் ஒரே ஒரு காலி இடம்தான் மிச்சம். அது வெள்ளைக் காய் எடுபட்ட அதே சந்தி. வெள்ளை அங்கே புதுக்காய் வைத்தால் கறுப்பு வெட்டுப்பட்டு, பலகை பழையபடி ஆகிவிடும். கறுப்பு மறுபடி வெட்டும், வெள்ளையும் வெட்டும். விடிய விடிய இதையே செய்யலாம். இந்த நிலைக்குப் பெயர் ‘கோ’ (ko). தமிழில் ஒன்றுபோல் எழுதினாலும், ஆட்டத்தின் பெயரான கோ (go) வேறு சொல்.

இதற்கு விதி எளியது: உடனே திருப்பி வெட்டக்கூடாது. முதலில் வேறிடத்தில் ஒரு காய் வைக்க வேண்டும். அடுத்த முறை வெட்டலாம். அதற்குள் கறுப்பு அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் சண்டை முடிந்தது. எனவே வெள்ளை, கறுப்பு பதில் சொல்லியே தீரவேண்டிய மிரட்டலான இடமாகப் பார்த்து வைக்கும். கறுப்பு அங்கே ஓடினால் வெள்ளை திரும்பி வந்து வெட்டும். ஒரு மூலைச் சண்டை முழுப் பலகையையும் பார்க்க வைக்கிறது. இந்த ஆட்டத்தின் அழகே இதுதான்.

இப்படிப்பட்ட ‘கோ’ (ko) இடங்கள் ஒரே நேரத்தில் மூன்று வந்தால் இந்த விதி போதாது. ஒவ்வொரு முறையும் வேறொன்றில் வெட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஜப்பானிய விதிப்படி அந்த ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் நிறுத்தப்படும். வேறு சில விதிகள், முழுப் பலகையும் முன்பிருந்த நிலைக்குத் திரும்பவே கூடாது என்கின்றன. 1582-இல் ஜப்பானியப் போர்த்தலைவர் ஓடா நொபுநாகா கொல்லப்படும் முன் அவர் முன்னிலையில் இப்படி மூன்று ‘கோ’ (ko) வந்து ஓர் ஆட்டம் நின்றதாக ஜப்பானில் கதை வழங்குகிறது.

சதுரங்கத்தில் வழி வேறு: ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் சமன் கோரலாம்.

ஆடுபுலியில் வெட்டு திரும்பாவிட்டாலும் நகர்வு திரும்பும். எல்லா ஆடும் இறங்கியபின் புலியும் ஆடும் இரண்டு புள்ளிகளுக்கிடையே போய்ப்போய் வந்தால் ஆட்டம் நகராது. இதே போன்ற நேபாளத்தின் புலி-ஆடு ஆட்டமான பாக்சாலில், ஆடுகள் இறங்கியபின் பழைய நிலை மீண்டும் வரக்கூடாது என்று வைத்து ஆடுபவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு ஆடுபுலி சொல்லிக்கொடுக்கும்போது இந்த ஒரு விதியையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வராது, யோசனை கூடும்.