காய்கறி சாகுபடியும் சிறு கடன்களும்

நம் நாட்டில் நிலத்தை உழுது பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகளே. 2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, மொத்த உடைமைகளில் 100க்கு 86 இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. ஆயினும், சாகுபடிப் பரப்பில் இவற்றின் பங்கு பாதிக்கும் குறைவே. இத்தகைய சிறு நிலத்தில் நெல்லோ கோதுமையோ பயிரிட்டு ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் பிழைப்பது அரிது. காய்கறி சாகுபடி அரை ஏக்கரிலும் குடும்பத்தினர் அனைவருக்கும் வேலையும் வருவாயும் தர வல்லது. ஆனால் அதற்குக் கைமுதல் வேண்டும். அந்த முதல் எங்கிருந்து, எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கிறது என்பதே விவசாயியின் நிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பயிரின் இயல்பு

கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். வெண்டை விதைத்த ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். தக்காளியோ நடவு செய்து இரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருக்கச் செய்யும். பாகல், புடலை போன்ற கொடிவகைகளுக்குப் பந்தல் அமைக்க வேண்டும். கல்தூண்களும் கம்பியும் கொண்டு அமைத்த பந்தல் பல ஆண்டுகள் பயன்படும். விதை, உரம், பூச்சி மருந்து, பறிப்புக் கூலி, போக்குவரத்து என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். உரிய வாரத்தில் உரமிடப் பணமில்லையேல் அந்த இழப்பைப் பின்னர் ஈடுசெய்ய முடியாது. எனவே காய்கறி விவசாயிக்குத் தேவைப்படுவது பெருந்தொகையன்று. காலத்தே கிடைக்கும் சிறு தொகையே.

முன்பணத்தின் உண்மை விலை

இத்தேவையைப் பல இடங்களில் நிறைவேற்றி வருபவர் தரகு மண்டிக்காரர். அவர் ஈடு கேட்பதில்லை; சில வேளைகளில் வட்டியும் கேட்பதில்லை. விளைந்ததனைத்தையும் தம் மண்டிக்கே கொண்டுவர வேண்டும் என்பதே அவர் விதிக்கும் நிபந்தனை. இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு விவசாயி 20,000 ரூபாய் முன்பணம் பெற்று, நான்கு மாதங்களில் ஐந்து டன் தக்காளியை அம்மண்டியில் விற்பதாகக் கொள்வோம். வேறிடத்தில் கிடைக்கக்கூடிய விலையைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் மட்டுமே குறைத்துக் கொடுக்கப்பட்டாலும் அவருக்கு நேரும் இழப்பு 5,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் இது 75 சதவீத வட்டிக்குச் சமமாகும். இதே தொகையை 12 சதவீத வட்டியில் பெற்றிருந்தால் நான்கு மாதங்களுக்கு 800 ரூபாயே வட்டியாகும். ஆக, நிறுவனக் கடனால் விளையும் முதன்மையான நன்மை வட்டிக் குறைவு மட்டுமன்று. விளைபொருளை விரும்பிய இடத்தில் விற்கும் உரிமை விவசாயிக்குத் திரும்பக் கிடைப்பதாகும்.

ஈடின்றிக் கடன்

நிலப் பட்டா இல்லாதோர் வங்கியை அணுக இயலாமையே நெடுங்காலமாகத் தடையாக இருந்தது. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. குழுவின் சேமிப்புப் பழக்கமும் கூட்டுப் பொறுப்பும் ஈட்டின் இடத்தைப் பெற்றன. குத்தகைதாரர்களுக்கும் வாரச் சாகுபடியாளர்களுக்கும் ஏற்றவாறு, நான்கு முதல் பத்துப் பேர் வரை கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழுக்கள் பின்னர் அமைக்கப்பட்டன. 1998இல் அறிமுகமான விவசாயக் கடன் அட்டையைப் பெறவும் இத்தகைய குழுக்களுக்குத் தகுதி உண்டு.

கேரளத்தின் அனுபவம்

கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகை முறையைத் தடை செய்தது. ஆகவே குத்தகைக்கு எடுத்துக் காய்கறியும் வாழையும் பயிரிடுவோர் வாய்மொழி ஏற்பாட்டையே நம்ப வேண்டியதாயிற்று. வங்கியில் காட்டப் பத்திரம் ஏதும் அவர்களிடம் இல்லை. 1993இல் ஐரோப்பிய சமூகத்தின் உதவியுடன் தொடங்கிய தோட்டக்கலை வளர்ச்சித் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2001இல் உருவான கேரளக் காய்கறி, கனி வளர்ச்சிக் கவுன்சிலும் இவர்களைச் சுய உதவிக் குழுக்களாகத் திரட்டின. ஒவ்வொரு குழுவிலும் உற்பத்தி, கடன், விற்பனை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே முன்னோடி விவசாயிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குழுவின் பொறுப்பில் குத்தகை விவசாயிகளுக்கும் வங்கிக் கடன் கிடைத்தது. விவசாயிகளே நடத்தும் சந்தைகளும் உருவாயின. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் குழுக்களும் குத்தகை நிலத்தில் கூட்டாகக் காய்கறி பயிரிட்டு வருகின்றன. கடனையும் சந்தையையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதே இவ்வனுபவம் தரும் பாடம்.

தவணையும் அறுவடையும்

சிறு கடன் தானாகவே நன்மை செய்துவிடும் என்று எண்ணுவது தவறு. 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்ததும், வசூலில் கையாண்ட கடுமையும் பெரும் நெருக்கடியை விளைவித்தன. காய்கறி விவசாயியைப் பொறுத்தவரை மற்றோர் இடரும் உண்டு. நடவு செய்த மறுவாரமே தவணை கேட்டால், அதைச் செலுத்த அவர் வேறிடத்தில் கடன் வாங்க நேரும். கீரைக்கு மாதத் தவணை பொருந்தும்; தக்காளிக்கு முதற்பறிப்பு வரை அவகாசம் வேண்டும்; பந்தலுக்குச் சில ஆண்டுத் தவணை தேவை. 2022இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், குடும்பத்தின் மாத வருவாயில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகலாகாது என்று வரையறுத்ததோடு, கடன் பெறுவோரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைக்கவும் வழி செய்துள்ளன.

சந்தையில் விலை வீழ்ந்தால் எந்தக் கடனும் விவசாயியைக் காப்பாற்றாது. அப்போது கடனே சுமையாகிவிடும். ஆகவே ஒரே பயிரை நம்பாமல் பல காய்கறிகளைப் பகிர்ந்து பயிரிடுதல், கூட்டு விற்பனை, பயிர்க் காப்பீடு ஆகியவை கடனுடன் இணைந்து வர வேண்டும். வழங்கப்பட்ட தொகையையும் வசூல் விகிதத்தையும் மட்டும் கொண்டு திட்டத்தின் வெற்றியை அளவிடுவது போதாது. அடுத்த பருவத்தில் அந்த விவசாயி முன்பணம் வாங்காமல் நாற்று நட்டாரா என்பதே சரியான அளவுகோலாகும்.